ஊஞ்சலில் ஆடினாலும் மாறாத ஓசை

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிப் போன பிறகு, முத்தியால்பேட்டையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. வழி நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. வீட்டின் பின்கட்டில் ஓடு பறந்து, பரணில் இருந்ததெல்லாம் நனைந்திருந்தது. பித்தளை அண்டா, பழைய மெத்தை, பிரெஞ்சில் எழுதிய காகிதக் கட்டுகள், அவற்றுக்குப் பின்னால் கோணிப்பை சுற்றிப் படுக்கவைத்த இரண்டு மரப்பெட்டிகள்.

கீழே இறக்கி நிமிர்த்தினால் இடுப்பு உயரம் வந்தது. முன்பக்கம் வெறும் பலகை. மேலே தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரான எட்டங்குல வூஃபர் ஒன்று மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தது. அதற்கு மேல், மூன்று பித்தளைக் கால்களில், நுனி கீழ்நோக்கி இருக்கும்படி மரத்தில் கடைந்த ஒரு கூம்பு. அந்தக் கூம்பின் தட்டையான தலையில் உயர்ந்த ஒலி தரும் சின்ன ட்வீட்டர் ஒன்று, அதுவும் மல்லாந்தபடி. அதற்கும் மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு குட்டிக் கூம்பு.

"பெரியப்பா செஞ்சதுடா. வேணும்னா எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா கரையான்தான் தின்னும்" என்றார் பெரியம்மா.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். 1958-ல் சேர்ந்து 1976-ல் ஊர் திரும்பினார். வரும்போது நான்கு ஸ்பீக்கர்களை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, பலகை வேலையை இங்கே ஒரு தச்சரை வைத்துச் செய்திருக்கிறார். கூம்புகள் பண்ருட்டிப் பலாக்கட்டையில் கடைந்தவை. வீணையும் மிருதங்கமும் செய்கிற அதே மரம்தான். ஆனால் இந்த வேலைக்கு அதனால் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. கூம்பு கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தால் போதும், ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும்.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போது இவற்றைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்போம், இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். பாட்டு எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று யாரும் யோசித்ததில்லை. வீட்டுக்குள் காற்று இருப்பது போல அதுவும் இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது இந்தப் பெட்டிகளைச் சரிசெய்யத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

வழக்கமான ஸ்பீக்கர் டார்ச் விளக்கு மாதிரி. முழுக்க அப்படி இல்லை, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்று மூன்றரை மீட்டர் இருக்கும். அது பெட்டியைச் சுற்றி வளைந்து எல்லாப் பக்கமும் போய்விடும். அலையின் நீளம், ஸ்பீக்கரில் அதிர்கிற கோனின் அகலத்துக்குச் சமமாகக் குறையும்போதுதான் ஒலி நேராக முன்னே பாயத் தொடங்கும். எட்டங்குல வூஃபருக்கு அது சுமார் 1,700 ஹெர்ட்ஸில் நடக்கும். அதனால் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு தெளிவாகக் கேட்கும். அடுக்களையில் இருப்பவருக்குத் தவிலின் தாழ்ந்த பக்கமான தொப்பி கேட்கும், சொல் கேட்காது. எல்லாத் திசையிலும் சமமாக ஒலி பரப்பும் ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளும் சுற்றிலும் போகின்றன. வூஃபரும் ட்வீட்டரும் மேலே அனுப்புவதைக் கூம்பு வாங்கி, கிணற்றில் கல் விழுந்தால் வளையம் விரிவது போல நாலா பக்கமும் படுக்கைவாட்டில் அனுப்பிவிடுகிறது. உங்கள் காதுக்கு நேராக வருவது கொஞ்சம்தான். மீதி சுவரிலும் கூரையிலும் பட்டு வரும். அறையே பாதி ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது.

சரி, பழுது பார்த்த கதைக்கு வருகிறேன். பழைய ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வூஃபரின் விளிம்பில் இருந்த ஸ்பாஞ்ச் வளையம் விரல் பட்டதும் கேழ்வரகுக் களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அது பாலியூரிதேன் ஃபோம். யார் செய்ததாக இருந்தாலும் ஈரமும் காலமும் அதைத் தின்றுவிடும், கடலோர ஊரில் இன்னும் வேகமாக. வளையம் போனால் பயப்பட வேண்டாம், அது மாற்றக்கூடிய பொருள். பார்க்க வேண்டியது கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலை. கோனின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் ஓசை வந்தால் காயில் கோணியிருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஆறு, ஏழு காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். என்னுடைய இரண்டு வூஃபரும் 6.4 காட்டின. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல!

அந்த மகிழ்ச்சியில் அவசரப்பட்டுவிட்டேன். கடலூரில் ஒரு கடையில் ஒரு வூஃபரை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அவர் பந்தல் ஸ்பீக்கர்களுக்கே வேலை செய்து பழகியவர். ஃபோம் வளையத்துக்குப் பதிலாக விறைப்பான துணி விளிம்பு வைத்த புதுக் கோனைப் போட்டுக் கொடுத்தார். வேலை சுத்தம்தான். ஆனால் பந்தல் ஸ்பீக்கர் தெருமுனை வரை கேட்க வேண்டும், வீட்டு ஸ்பீக்கர் தம்பூராவின் அடிநாதத்தைத் தர வேண்டும். விளிம்பு விறைத்தால் கோன் தாராளமாக மேலும் கீழும் அசையாது, அடிநாதம் மெலிந்துவிடும். அப்படியே ஆயிற்று. பழைய கோனையாவது கேட்டு வாங்கியிருக்கலாம், அதை அவர் குப்பையில் போட்டிருந்தார். அதே அளவில் இன்னொரு பழைய வூஃபர் கிடைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. எதைக் கொடுத்தாலும் "பழசைத் தூக்கிப் போடாதீங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி, ஒரே கையால் வேலை நடக்கட்டும்.

பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஃபோம் வளையம் வாங்கி நானே ஒட்டினேன். வளையம் வாங்கப் போகும்போது எட்டங்குலம் என்று மட்டும் சொன்னால் போதாது. கோனின் விளிம்பு விட்டம், இரும்புச் சட்டத்தின் உள்விட்டம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒட்டுவதற்கு, உலர நேரம் எடுத்துக்கொள்கிற வெள்ளைப் பசை நல்லது, நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கோனின் நடுவில் தூசி புகாமல் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் மெல்லக் கீறி எடுத்துவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நான்கு கீற்றுகளாக நறுக்கி, காயிலுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே நான்கு பக்கமும் செருகினேன். காயில் நடுவிலேயே நிற்கும். பசை காய்ந்து மறுநாள் கீற்றுகளை உருவியபோது கோன் ஓசையே இல்லாமல் ஏறி இறங்கியது.

மல்லாந்து கிடக்கும் வூஃபருக்கு என்றே சில தொல்லைகள் உண்டு. ஒன்று, வருடக்கணக்கில் தன் எடையாலேயே கோன் கீழே இறங்கிவிடும். வளையம் ஒட்டுவதற்கு முன் ஒரு மாதம் கவிழ்த்து வைத்தேன், ஓரளவு மேலே வந்தது. இன்னொன்று, மேலே இருந்து விழுவதெல்லாம் அதற்குள்தான் விழும். தூசி, ஊதுவத்திச் சாம்பல், பல்லி. ஒரு பெட்டியின் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. இப்போது பித்தளைக் கால்களைச் சுற்றி மெல்லிய மல் துணி கட்டியிருக்கிறேன். ஒலியைத் தடுப்பதில்லை, பல்லியைத் தடுக்கிறது.

ட்வீட்டருக்குப் போகும் வழியில் 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருந்தது. தாழ்ந்த ஒலிகள் அதற்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. பழைய எலக்ட்ரோலைட்டிக் வகை, காய்ந்துபோயிருந்தது. ட்வீட்டர் செத்துவிட்டது என்று நினைத்து வேறு தேடாதீர்கள், முதலில் இதை மாற்றிப் பாருங்கள். அதே மதிப்பில் ஃபிலிம் கண்டென்சர் கிடைக்கும். கடையில் பிளஸ் மைனஸ் குறியுள்ள சாதாரண எலக்ட்ரோலைட்டிக்கைக் கொடுத்தால் வாங்க வேண்டாம், ஸ்பீக்கருக்குள் மின்சாரம் இரு திசையிலும் ஓடும்.

இத்தனைக்கும் பிறகு இணைத்துப் பாட வைத்தால் ஏதோ சரியில்லை. இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் நிலையில்லாமல், தரையில் கால் பாவாத மாதிரி. மூன்று வாரம் அப்படியே கேட்டேன். பழைய ஸ்பீக்கர் இப்படித்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருநாள் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். இடது கோன் மேலே எழும்பியது. வலது கோன் கீழே இறங்கியது. உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். முன்பக்கம் பார்க்கும் ஸ்பீக்கரில் இந்தத் தவறு நடந்தால் நடுவில் நிற்க வேண்டிய பாடகர் காணாமல் போவார், உடனே தெரிந்துவிடும். எல்லாப் பக்கமும் பரப்பும் ஸ்பீக்கரில் குரல் ஏற்கெனவே விரிந்துதான் இருக்கும் என்பதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு முறை திறந்து மூடிய பிறகும் பேட்டரி வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒயரை மாற்றிய அன்று மாலை நடந்ததை அப்படியே சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடம் பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், சிவப்பு சிமெண்ட் தரை. உத்தரத்தில் தொங்கும் ஊஞ்சல், எதிர்ச்சுவரில் வைத்த ஸ்பீக்கர்களுக்கு முன்னால் இடம் வலமாக ஆடும். முன்பு வைத்திருந்த சாதாரண ஸ்பீக்கர்களில் ஊஞ்சல் ஆடினால், பாடுபவர் இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்குமாகத் தாவுவார். அதனால் பாட்டு கேட்பதென்றால் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்திவிடுவது என் பழக்கம். அன்று ஒரு பழைய நாதஸ்வர ஒலிநாடாவைப் போட்டுவிட்டு, பழக்கப்படி காலை ஊன்றி உட்கார்ந்தேன். தோடி ஆலாபனை. பாதியில் தன்னை அறியாமல் கால் தரையை உந்திவிட்டது. ஊஞ்சல் ஆடியது. நாதஸ்வரம் ஆடவில்லை! சுவருக்கு முன்னால் மூன்றடி அகலத்துக்கு ஒரு கூட்டமாக அப்படியே நின்றது. எழுந்து அடுக்களைக்குப் போனேன், அங்கேயும் சீவாளியின் அந்தக் கரகரப்பு வந்தது. திண்ணைக்குப் போனேன், தூரத்தில் வாசிப்பது போல இருந்தது, ஆனால் மங்கவில்லை. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாலும் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே இருக்குமே, அதே மாதிரி.

என் கருத்து இதுதான். நம் வீடுகளில் பாட்டு கேட்பதற்கென்று ஒருவர் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்காருவது அபூர்வம். ஒருவர் காய் நறுக்குவார், ஒருவர் பூ தொடுப்பார், பிள்ளைகள் தரையில் கிடப்பார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு நல்ல இடம் வைத்திருக்கும் ஸ்பீக்கர் அந்த ஒருவருக்கு மட்டும்தான் வாசிக்கிறது. இது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வாசிக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்படி யோசித்தவர்கள் உலகில் பலர் இருந்திருக்கிறார்கள். ஸ்வீடனில் ஸ்டிக் கார்ல்சன், சாதாரண வீட்டுக் கூடத்தின் சுவரையும் சேர்த்தே கணக்கிட்டு, சுவரை ஒட்டி வைக்கிற மாதிரி சோனாப் ஓஏ என்ற ஸ்பீக்கர் வரிசையை வடிவமைத்தார். அமெரிக்காவில் லிங்கன் வால்ஷ் ஒரே ஒரு நீளக் கூம்பைத் தலைகீழாக நிறுத்தி, அதன் உடல் முழுவதும் சுற்றிலும் ஒலிக்கும்படி ஒரு வழி கண்டார். அதில் உருவான 'ஓம் எஃப்' என்ற ஸ்பீக்கரின் கூம்பு மேலே டைட்டானியம், நடுவில் அலுமினியம், கீழே காகிதம். விற்பனைக்கு வரும் முன்பே, 1971-ல், வால்ஷ் இறந்துவிட்டார். வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ் 1968-ல் கொண்டுவந்த 901 என்ற பெட்டியில் ஒன்பது ஸ்பீக்கர்கள். ஒன்று மட்டும் நம்மைப் பார்க்கும், எட்டும் சுவரைப் பார்க்கும். முழு வட்டமாகப் பரப்புவதில்லை என்றாலும் அதுவும் இதே குடும்பம்தான். ஜெர்மனியின் கிருண்டிக் செய்த ஆடியோராமா ஒரு பந்து, சங்கிலியில் கூரையில் இருந்து தொங்கவிடலாம். பெரியப்பா பிரான்சில் யார் வீட்டிலோ அப்படி ஒரு பந்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பைத்தியம் பிடித்து வந்தார் என்று பெரியம்மா சொல்வார்.

இனி அறை. இந்த வகை ஸ்பீக்கரில் பாதி வேலை இங்கேதான். கூடம் காலியாக இருந்தபோது கஞ்சிராவின் வேகமான சொற்கள் ஒன்றோடொன்று குழம்பின. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு "டர்ர்" என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிர் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. நான் ஊஞ்சலுக்கு அடியில் பவானி ஜமக்காளம் விரித்தேன். ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தேன், புத்தகங்களின் முதுகுகளை ஒரே வரிசையாக இல்லாமல் முன்னும் பின்னுமாக விட்டு. சன்னலுக்குத் தடித்த பருத்தித் திரை. அவ்வளவுதான் செலவு. நடுக்கம் போனது, கஞ்சிரா பிரிந்து கேட்டது. எல்லாச் சுவரையும் துணியால் மூடிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் சுவரில் இருந்து வர வேண்டிய பாதி இசையையும் சேர்த்து மூடிவிடுவீர்கள்.

பின்சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் நிறையச் சோதித்தேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். இரண்டரை அடி தள்ளி வைத்தால், சுவரில் பட்டு வருவது நேராக வருவதைவிட நான்கு மில்லிசெகண்ட் பிந்தி வரும். இவ்வளவு சிறிய இடைவெளியை நம் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது, ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இதை ஆராய்ந்து எழுதினார். ஓரடிக்குள் நெருக்கினால் என் பெட்டிகளில் அடிநாதம் வீங்கியது, ஆண்குரல் பானைக்குள் இருந்து வந்தது. சோனாப் மாதிரி சுவரை ஒட்டி வைக்கவே செய்தவை வேறு, அவற்றை ஒட்டித்தான் வைக்க வேண்டும். முக்கியமானது, இரண்டு பெட்டிக்கும் சுற்றுப்புறம் ஒரே மாதிரி இருப்பது. ஒன்று மூலையிலும் மற்றொன்று திறந்த வாசலை ஒட்டியும் இருந்தால் எந்த ஆம்ப்ளிஃபையரும் அதைச் சரிசெய்யாது.

இது எல்லோருக்கும் பொருந்தாது. வயலின் சரியாக இங்கே, மிருதங்கம் சரியாக அங்கே என்று ஊசி முனையில் காட்டும் துல்லியம் இதில் கிடைக்காது, அதை விரும்புகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் சுவர் மிக அருகில் இருப்பதால் எல்லாம் குழம்பிவிடும். படம் பார்க்கும்போது வசனம் கொஞ்சம் கரைந்து கேட்கிறது, அதற்கு டிவியின் ஸ்பீக்கரே போதும் என்று விட்டுவிட்டேன். அதே சமயம் இடம் வலம் பிரிக்காத பழைய மோனோ ஒலிப்பதிவுகளுக்கு இதைவிட நல்லதை நான் கேட்டதில்லை. ஒரு பெட்டியை மட்டும் கூடத்தின் நடுவில் வைத்துப் போட்டாலே அறை நிறைந்துவிடுகிறது. 30 வாட் ஆம்ப்ளிஃபையரில் ஒலியைப் பாதிக்கு மேல் கூட்ட நேர்ந்ததில்லை.

கடல்காற்றுக்கு ஒரு குறிப்பு. ஒயர் முனைகளில் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். ஒரு பக்கம் கரகரத்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் முனையைச் சுரண்டிப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் பெட்டியின் மேல் துணி ஈரம் பிடிக்கும், வெயில் கண்ட நாளில் கழற்றிக் காயப்போட்டால் போதும்.

போன பொங்கலுக்குப் பெரியம்மா கடலூர் வந்திருந்தார். வயது எண்பத்து மூன்று. ஊஞ்சலில் உட்காரச் சொன்னேன், அந்த நாதஸ்வரத்தைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவருக்கு எடது காது கேக்காதுல்ல" என்றார். எனக்குத் தெரியாது. அல்ஜீரியாவில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதில் போயிருக்கிறது. ஒற்றைக் காதுக்காரருக்கு இரண்டு பெட்டிக்கு நடுவே உட்காருவதில் என்ன இருக்கிறது? கேளாத காதின் பக்கம் இருந்து வரும் ஒலியைத் தலையே மறைத்துவிடும். சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் இருந்து வந்தால்தான் நல்ல காதுக்கு முழுசாகக் கிடைக்கும்.

"அப்போ பெரியப்பா எங்கே உட்காருவார்?"

பெரியம்மா கையை நீட்டி, வலது பெட்டிக்குப் பின்னால், சன்னலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மூலையைக் காட்டினார். "அப்பிடித்தான். பொட்டிக்குப் பின்னாடி. சன்னல் காத்து வரும்னு."

பிரம்பு நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். பெட்டியின் முதுகு முழங்காலைத் தொடும் அளவுக்கு இடம் குறுகல். தவில் தனியாவர்த்தனம் தொடங்கியிருந்தது. கூம்புக்கு மேலே மல் துணி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஊஞ்சலில் கேட்ட அதே தவில்தான், கொஞ்சம் கிட்டத்தில்.